லேசிக் செய்யப் போறீங்களா? ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் என்ன செய்யணும்? - முழு விவரம்

மழையில் பைக் ஓட்டினால் கண்ணாடியில் தண்ணீர். ஹெல்மெட் போட்டால் ஃபிரேம் குத்தும். சூடா ஒரு டீ குடிக்கலாம்னா கண்ணாடி முழுக்க ஆவி. பவர் உள்ளவர்களுக்கு இது தினசரி தொல்லை. அதனால்தான் 'பத்தே நிமிஷத்துல கண்ணாடிக்கு குட்பை' என்ற விளம்பரங்கள் இளைஞர்களை இழுக்கின்றன.

லேசர் கண்ணில் படும் நேரம் உண்மையிலேயே சில விநாடிகள்தான். ஆனால், பார்வை எப்படி அமையும் என்பது அதற்கு முந்தைய சில வாரங்களிலும், பிந்தைய சில மாதங்களிலும்தான் பெருமளவு முடிவாகிறது. ஆபரேஷனுக்கு எப்படி தயாராவது? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? செல்போன் எப்போது பார்க்கலாம்? யார் இதைச் செய்துகொள்ளவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

- 18 வயது முடிந்திருக்க வேண்டும். கடந்த ஓராண்டாக பவர் மாறாமல் இருக்க வேண்டும்.
- டெஸ்டுக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு முன்பே காண்டாக்ட் லென்ஸை நிறுத்த வேண்டும்.
- கருவிழி மெலிதாக இருந்தால், 'உங்களுக்கு வேண்டாம்' என்று டாக்டர் சொல்லலாம். அதுவும் நல்ல பதில்தான்.
- ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணைக் கசக்கவே கூடாது.
- பார்வை முழுமையாக நிலைப்பதற்கு 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம்.

லேசர் கண்ணில் என்ன செய்கிறது?

கண்ணின் முன்பக்கம் வாட்ச் கண்ணாடி போல இருக்கும் தெளிவான பகுதிதான் கருவிழி, அதாவது கார்னியா. உள்ளே வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் விழ வைப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். அந்த ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்தால் கிட்டப்பார்வை. பின்னால் குவிந்தால் தூரப்பார்வை. வளைவு எல்லாப் பக்கமும் சீராக இல்லாவிட்டால் அதுதான் நாம் சொல்லும் 'சிலிண்டர் பவர்'.

எக்ஸைமர் லேசர் இந்தக் கருவிழியின் வளைவை, தலைமுடியை விட மெல்லிய அளவில் செதுக்கி மாற்றுகிறது. மூக்குக் கண்ணாடி வெளியே நின்று செய்யும் வேலையை, கருவிழியே செய்யும்படி ஆக்குகிறார்கள். அவ்வளவுதான்.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னை பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். விருந்தில் மிச்சமான வான்கோழி இறைச்சியில் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார்கள். சுற்றியுள்ள திசு கருகாமல், மிகத் துல்லியமாக வெட்டு விழுந்தது. இன்றைய லேசிக் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட கண்டுபிடிப்பு இது.

லேசிக், பி.ஆர்.கே., ஸ்மைல்: என்ன வித்தியாசம்?

லேசிக்: கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடி போல வெட்டித் திறந்து, அடியில் லேசர் வைத்து, மூடியைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். தையல் கிடையாது. பெரும்பாலானோருக்கு மறுநாளே பார்வை தெளியும்.

பி.ஆர்.கே.: மூடி வெட்டுவதில்லை. கருவிழியின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் வைப்பார்கள். தோல் மீண்டும் வளர 3 முதல் 5 நாட்கள் ஆகும். அதுவரை கட்டு போல ஒரு காண்டாக்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். வலி அதிகம், குணமாகும் வேகம் குறைவு. ஆனால் மூடி நகர்ந்துவிடும் என்ற பயம் இல்லை.

ஸ்மைல்: கருவிழிக்கு உள்ளேயே லேசரால் ஒரு வில்லை போல வெட்டி, சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை வழியாக அதை வெளியே எடுத்துவிடுவார்கள். இதிலும் மூடி இல்லை.

ஐ.சி.எல்.: இது லேசர் சிகிச்சை அல்ல. பவர் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும், கருவிழி மெலிந்தவர்களுக்கும் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் பொருத்துவார்கள்.

'எது பெஸ்ட்?' என்று கேட்டால் பொதுவான பதில் இல்லை. கபடி, குத்துச்சண்டை, சிலம்பம் என முகத்தில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளில் இருப்பவர்கள், மூடி இல்லாத முறைகளைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். லேசிக் செய்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் பலமான அடியால் மூடி நகர்ந்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன.

யாரெல்லாம் செய்யக் கூடாது? யார் தள்ளிப்போடணும்?

- பவர் இன்னும் ஏறிக்கொண்டே இருப்பவர்கள். ஓராண்டில் அரை பாயிண்டுக்கு மேல் மாறியிருந்தால் காத்திருப்பதே நல்லது.
- கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள். ஹார்மோன் மாற்றத்தால் பவர் தற்காலிகமாக மாறலாம்.
- கருவிழி கூம்பு போல முன்னே பிதுங்கும் கெரட்டோகோனஸ் பாதிப்பு உள்ளவர்கள். லேசர் வைத்தால் இது இன்னும் மோசமாகும்.
- கண் வறட்சி கடுமையாக உள்ளவர்கள்.
- கட்டுப்படாத சர்க்கரை நோய், முடக்குவாதம், லூபஸ் போன்ற பாதிப்பு உள்ளவர்கள்.
- முகப்பருவுக்காக ஐசோட்ரெடினோயின் மாத்திரை எடுப்பவர்கள். இது கண்ணை வறட்சியாக்கும் மருந்து. 'ஸ்கின் டாக்டர் கொடுத்ததுதானே, இதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?' என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.
- 'மெட்ராஸ் ஐ' வந்தவர்கள், கண் இமையில் கட்டி, சீழ் உள்ளவர்கள். முழுமையாகக் குணமான பிறகே தேதி குறிக்க வேண்டும்.

சின்ன வயதில் இருந்தே கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருந்ததா? டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கருவிழி கணக்கு: 'எனக்கு மட்டும் ஏன் முடியாதுன்னு சொல்றாங்க?'

ஃபிரெண்டுக்கு செய்தார்கள், எனக்கு மறுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் பலருக்கு உண்டு. காரணம் ஒரு எளிய கணக்கு.

கருவிழியின் சராசரி தடிமன் சுமார் 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டர்தான். லேசிக் மூடிக்கு சுமார் 110 மைக்ரான் போகும். ஒவ்வொரு பாயிண்ட் பவருக்கும் தோராயமாக 15 மைக்ரான் செதுக்க வேண்டும். எல்லாம் போக, அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிச்சம் இருக்க வேண்டும். 300 இருந்தால்தான் நிம்மதி என்று கருதும் டாக்டர்களும் உண்டு.

உதாரணம் பார்க்கலாம். ஒருவருக்கு கருவிழி 545 மைக்ரான், பவர் மைனஸ் 3. மூடிக்கு 110, லேசருக்கு 45 போனால் மிச்சம் 390. பிரச்னை இல்லை.

இன்னொருவருக்கு கருவிழி 495 மைக்ரான், பவர் மைனஸ் 8. மூடிக்கு 110, லேசருக்கு 120 போனால் மிச்சம் 265தான். விளிம்பில் நிற்கும் எண் இது. இங்கே ரிஸ்க் எடுத்தால், பின்னாளில் கருவிழி பலவீனமாகி முன்னே பிதுங்கலாம். போன கருவிழியைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

தடிமன் மட்டுமல்ல, கருவிழியின் மேடு பள்ளங்களை வரைபடம் போலக் காட்டும் டோப்போகிராபி ஸ்கேனும் முக்கியம். இந்த ஸ்கேன் எடுக்காமல் தேதி கொடுக்கும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

அரசு வேலைக்கு தயாராகிறீர்களா? முதலில் இதைப் படிங்க

'போலீஸ், ராணுவம், ரயில்வே வேலைக்கு கண்ணாடி இருந்தா கஷ்டம், அதனால லேசிக் பண்ணிக்கலாம்' என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். ஆனால் அதுவே வேலைக்குத் தடையாகவும் ஆகலாம்.

ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கான அறிவிக்கைகளில், லேசிக் உள்ளிட்ட பவர் குறைக்கும் ஆபரேஷன் செய்தவர்கள் தகுதியற்றவர்கள் என்றே குறிப்பிடப்படுகிறது. முப்படைகளில் சில பிரிவுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஆபரேஷன் செய்த வயது, அதன் பிறகு கடந்திருக்க வேண்டிய காலம், மிச்சமுள்ள கருவிழியின் தடிமன் என பல நிபந்தனைகள் உண்டு.

நீங்கள் குறி வைத்திருக்கும் பணியின் அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்த பிறகே முடிவெடுங்கள். இந்த ஆபரேஷனைச் செய்த பிறகு 'செய்யாதது போல' ஆக்க வழியே இல்லை. ஸ்கேனில் தெரிந்துவிடும்.

டெஸ்டுக்கு எப்படி தயாராவது?

காண்டாக்ட் லென்ஸ் கருவிழியை லேசாக அழுத்தி, அதன் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் தப்பான அளவுக்கு லேசர் வைக்க நேரிடும். டெய்லர் கடைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவு கொடுக்கப் போவது போலத்தான்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொல்லும் கால அளவு இது:

- சாதாரண சாஃப்ட் லென்ஸ்: முதல் பரிசோதனைக்கு 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.
- சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ், ஆர்.ஜி.பி. லென்ஸ்: 3 வாரங்கள்.
- ஹார்டு லென்ஸ்: 4 வாரங்கள்.

டெஸ்ட் அன்று கண்மணியை விரிக்க சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அதனால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எடுத்துச் செல்லுங்கள்.

முந்தைய நாளும், ஆபரேஷன் நாளும்

முந்தைய நாளிலிருந்தே மை, ஐ லைனர், கிரீம், பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். இமை ஓரத்தில் ஒட்டியிருக்கும் மைத்துகள் தொற்றுக்கு வழிவகுக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் தலைக்குக் குளிக்க முடியாது என்பதால், முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள்.

'ஊசி போடுவாங்களா?' என்ற பயம் வேண்டாம். சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிடும். இமை மூடாமல் இருக்க ஒரு சிறிய கிளிப் வைப்பார்கள். மூடி வெட்டும்போது கண்ணை அழுத்துவது போல இருக்கும், சில விநாடிகள் பார்வை இருட்டலாம். பிறகு ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். முடி கருகுவது போல ஒரு வாசனை வரும். பயப்பட வேண்டாம், அது வழக்கமானதுதான். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் 24 மணி நேரம்

மரத்தது தெளிந்ததும் எரிச்சல், மண் விழுந்தது போன்ற உறுத்தல், கண்ணீர், வெளிச்சக் கூச்சம் எல்லாம் வரும். லேசிக், ஸ்மைல் செய்தவர்களுக்கு இது பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடித் தூங்குவதே சிறந்த மருந்து.

இந்த நேரத்தில் கை தானாகவே கண்ணுக்குப் போகும். அங்கேதான் ஆபத்து. ஒரு முறை அழுத்திக் கசக்கினால் மூடி மடங்கவோ நகரவோ வாய்ப்புண்டு. அதற்காகத்தான் தூங்கும்போது போட பிளாஸ்டிக் கவசம் தருகிறார்கள். மல்லாந்து படுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சில நாட்கள் தனியாகப் படுப்பது நல்லது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் செக்கப். நல்லா தெரியுதே என்று இதைத் தவறவிடக் கூடாது.

பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு முதல் 2, 3 நாட்கள் வலி இருக்கும். பார்வையும் சில வாரங்களில் மெதுவாகத்தான் தெளியும். லேசிக் செய்த நண்பருடன் ஒப்பிட்டு பயப்பட வேண்டாம்.

முதல் வாரம்: வீட்டில் என்னென்ன கவனிக்கணும்?

குளியல்: கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். டாக்டர் சொல்லும் வரை தலைக்குத் தண்ணீர், எண்ணெய்க் குளியல், சீயக்காய் எதுவும் வேண்டாம்.

சமையல்: தாளிக்கும்போது தெறிக்கும் கடுகும், மிளகாய் நெடியும் கண்ணுக்கு ஆகாது. சில நாட்கள் அடுப்படிப் பொறுப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பைக்: டாக்டர் அனுமதித்த பிறகே ஓட்டலாம். தூசி, பூச்சி விழாமல் இருக்க பவர் இல்லாத கண்ணாடியும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

கைவைத்தியம்: தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு, இளநீர் என்று யார் என்ன சொன்னாலும் கண்ணில் விடக் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் கருவிழியில் கிருமி புக அது போதும்.

சொட்டு மருந்து: கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பாட்டில் முனை கண்ணில் படாமல் விட வேண்டும். இரண்டு மருந்துகளுக்கு இடையே 5 நிமிடமாவது இடைவெளி தேவை. ஸ்டீராய்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நல்லா இருக்கே என்று கூடுதல் நாள் தொடரவும் கூடாது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம்.

எதை எப்போது செய்யலாம்?

(லேசிக் செய்தவர்களுக்கான பொதுவான கால அளவு. உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.)

- செல்போன், டிவி: முதல் நாள் வேண்டாம். பிறகு கொஞ்ச கொஞ்சமாக. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடிகள் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் காயும்.
- ஆபீஸ் வேலை: பெரும்பாலும் சில நாட்களில். பி.ஆர்.கே. என்றால் ஒரு வாரமாவது லீவு தேவைப்படும்.
- நடைப்பயிற்சி, லேசான உடற்பயிற்சி: 1 முதல் 3 நாட்களுக்குப் பிறகு.
- மை, கிரீம், மேக்கப்: 2 வாரங்களுக்குப் பிறகு. பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு புதியது வாங்குங்கள்.
- கபடி, குத்துச்சண்டை போன்றவை: குறைந்தது 4 வாரங்களுக்குப் பிறகு, டாக்டர் அனுமதியுடன்.
- நீச்சல் குளம், கிணறு, ஆறு, கடல், குற்றால அருவி: 1 முதல் 2 மாதங்கள் வேண்டாம்.

கல்யாணத்துக்காக செய்துகொள்பவர்கள் கவனத்துக்கு: முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் செய்துகொள்ளும் திட்டம் வேண்டாம். மேக்கப், ஹோமப் புகை, தூக்கமின்மை மூன்றும் ஒன்றாக வரும் நாள் அது. குறைந்தது இரண்டு, மூன்று மாதங்கள் முன்பே முடித்துவிடுங்கள்.

எது நார்மல்? எப்போது உடனே ஓடணும்?

லேசான உறுத்தல், வெள்ளை விழியில் ரத்தத் திட்டு, இரவில் விளக்கைச் சுற்றி வட்டம், காலையில் தெளிவு மாலையில் மங்கல்... இவையெல்லாம் ஆரம்பத்தில் சகஜம். ரத்தத் திட்டு பார்க்கப் பயமாக இருந்தாலும் இரண்டு, மூன்று வாரங்களில் மறையும்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

- தணிந்த வலி மீண்டும் கூடுவது, தாங்க முடியாத வலி
- தெளிந்த பார்வை திடீரென மங்குவது
- சிவப்பு கூடிக்கொண்டே போவது, சீழ் போல வடிவது
- கண்ணில் அடிபடுவது, அழுத்திக் கசக்கிவிடுவது

கண் வறட்சியும் ஒளிவட்டமும் எவ்வளவு பேருக்கு வரும்?

விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத பகுதி இது. லேசரின்போது கருவிழியில் உள்ள நுண்ணிய நரம்புகள் வெட்டுப்படுகின்றன. 'கண் காயுது, கண்ணீர் சுர' என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். அவை மீண்டும் வளரும் வரை வறட்சி இருக்கும். பலருக்கு சில மாதங்களில் குறையும். சிலருக்கு நீடிக்கும்.

அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. பங்கேற்று, 500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய 'பிரவுல்' ஆய்வுகள் தரும் தகவல்: லேசிக் செய்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வை திருப்தி என்றார்கள். அதே ஆய்வுகளில், முன்பு ஒளிவட்டம், கூச்சம் போன்ற தொந்தரவே இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, 3 மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒரு புதிய தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை வறட்சியை உணர்ந்தார்கள். ஒளிவட்டம், கூச்சம் போன்ற பார்வைத் தொந்தரவால் அன்றாட வேலையே மிகவும் கடினமானவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு.

அதாவது, திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளுக்கு சேர்ந்தே வரலாம். இரவில் லாரி, பஸ், கால் டாக்ஸி ஓட்டுபவர்களும், நாள் முழுக்க ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்களும் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

கண்ணாடி மறுபடி வருமா?

வரலாம். சிலருக்கு கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கும், சிலருக்கு ஆண்டுகள் கழித்து லேசாகத் திரும்பும். மீண்டும் லேசர் வைப்பதாக இருந்தால், 3 மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் பவர் ஒரே அளவில் இருக்க வேண்டும். கருவிழியும் மிச்சம் இருக்க வேண்டும்.

40 வயதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்து வேறு விஷயம். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. லேசிக் அதைத் தடுக்காது. 'இருபதுல ஆபரேஷன் பண்ணியும் நாற்பத்தஞ்சுல பேப்பர் படிக்க கண்ணாடி வந்துடுச்சே' என்றால், ஆபரேஷன் தோல்வி என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, பவர் போனாலும் கிட்டப்பார்வைக் கண்ணின் நீளம் குறைவதில்லை. விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கும். மின்னல் வெட்டுவது போலவோ, திடீரென கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிந்தால் உடனே விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்குச் செய்யும் பார்வைத் திருத்த சிகிச்சையை, மருத்துவக் காப்பீட்டில் விலக்காக வைக்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகள் அனுமதிக்கின்றன. எனவே பெரும்பாலானோர் கையிலிருந்துதான் செலவு செய்ய வேண்டியிருக்கும். பவர் அதற்கு மேல் இருந்தால் உங்கள் பாலிசியில் கேட்டுப் பாருங்கள்.

ஃபைலை பத்திரமா வையுங்க

ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழி அளவு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆயுளுக்கும் பாதுகாக்க வேண்டும். வயதான பிறகு கண்புரை ஆபரேஷன் செய்யும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட இந்த எண்கள் உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் 'லேசிக் பண்ணியிருக்கேன்' என்று முதலில் சொல்லிவிடுங்கள். செல்போனில் போட்டோ எடுத்து மெயிலிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் கருவிழி தடிமன் எவ்வளவு? லேசருக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்?
2. எனக்கு ஏன் இந்த முறை? மற்ற முறைகள் ஏன் வேண்டாம்?
3. எனக்கு இப்போதே கண் வறட்சி இருக்கிறதா?
4. ஆபரேஷன் செய்யப் போவதும், பிறகு செக்கப் பார்ப்பதும் நீங்கள்தானா?
5. சொன்ன தொகை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? டெஸ்ட், மருந்து, செக்கப், மறு லேசர் இதில் அடங்குமா?
6. ராத்திரியில் பிரச்னை என்றால் யாரைக் கூப்பிடுவது?

ஆறுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால் தயாராகலாம். 'ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்' என்று அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடம் கருத்து கேளுங்கள். கண்ணாடியோடு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் பார்வைக்கு எந்த நஷ்டமும் இல்லை.

(இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்காக மட்டுமே. உங்கள் கண்ணைப் பரிசோதித்த மருத்துவரின் ஆலோசனைப்படியே சிகிச்சை பெறவும்.)